தகரக் கூரைக்குக் கீழே ஒரு மீன்தொட்டி

மே மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை, பகல் ஒன்றரை மணிக்கு, சாப்பிடுவதற்காக ஆஷிக் இரும்பு ஏணியில் ஏறி மேல் ரூமுக்கு வந்தான். தொட்டியில் மூன்று மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து, கண்ணாடியை ஒட்டி நின்று, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பசி என்று நினைத்து நாலைந்து உருண்டை இரையைப் போட்டான். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. விரலைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த வெந்நீர்போல் இருந்தது தண்ணீர்.

மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில், கீழே பட்டறையும் மேலே தகரக் கூரை போட்ட ஒற்றை அறையுமாக இருந்தது அவனுடைய இடம். பட்டறையில் இரண்டு தையல் மெஷின்கள். ஒன்றில் அவன், இன்னொன்றில் ராஹில். ராஹில் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், பெண்டாட்டி பிள்ளைகளோடு வடாலாவில் குடியிருந்தான். இருவரும் தைப்பது பள்ளிக்கூடப் பைகள். ஜூன் நடுவில் பள்ளி திறந்துவிடும் என்பதால் மே மாதம் முழுக்க நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பை தைத்துக்கொண்டிருந்த ஆஷிக்கின் சொந்தப் பிள்ளை அப்போது திருநெல்வேலி மேலப்பாளையத்தில் தன் மாமா வீட்டில் இருந்தாள்.

சஃபீனாவுக்கு ஒன்பது வயது. அவளுடைய உம்மா ஷைஸ்தாவும் ஆஷிக்கும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. அவன் பட்டறையிலேயே கிடந்தான், அவள் மேலே தனியாகக் கிடந்தாள், ஒருநாள் இருவருக்கும் பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. ஷைஸ்தா மகளைக் கூட்டிக்கொண்டு கோவண்டியில் இருந்த தன் உம்மாவிடம் போய்விட்டாள். பள்ளிவாசல் ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசி, ஞாயிற்றுக்கிழமைகளில் மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகிலிருந்து பொழுதடையும் மஃரிப் வரை பிள்ளை வாப்பாவோடு இருக்கலாம் என்று முடிவாயிற்று.

முதல் சில ஞாயிறுகள் இருவருக்குமே கஷ்டமாக இருந்தன. கோவண்டியில் அவளை ரயிலில் ஏற்றிக்கொண்டு ஜிடிபி நகரில் இறங்கி நடந்து வருவதற்குள் பேச்சு தீர்ந்துவிடும். அவள் அவனுடைய மொபைலை வாங்கி வைத்துக்கொண்டு, நடுநடுவே மணி என்ன என்று கேட்பாள். அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல்தான் ஒருநாள் அவளைக் குர்லாவில் மீன் விற்கும் கடைக்கு அழைத்துப்போனான். ஒன்றரை அடித் தொட்டி, கொஞ்சம் கூழாங்கல், ஒரு பிளாஸ்டிக் செடி, காற்று விடும் பம்பு, மூன்று தங்கமீன்கள். ஷைஸ்தாவின் பீரோ நின்றிருந்த இடத்தில் தொட்டியை வைத்தார்கள். ஆரஞ்சு நிறத்துக்கு ஜிலேபி என்றும், வெள்ளைக்கு, பன் ரொட்டிபோல் இருந்ததால், பாவ் என்றும், கண் பிதுங்கிய கறுப்புக்குப் பட்டன் என்றும் சஃபீனா பெயர் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் மணி கேட்கவில்லை. வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியிடம் ஓடுவாள். மூன்றையும் எண்ணிய பிறகுதான் வாப்பாவுக்கு சலாம்.

ஏப்ரல் கடைசியில் உம்மாவோடும் பாட்டியோடும், ஷைஸ்தா காக்கா என்று கூப்பிடும் அண்ணன் வீட்டுக்கு லீவுக்குப் புறப்படும்போது, மீன்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மூன்று முறை சத்தியம் வாங்கியிருந்தாள்.

இப்போது அந்த மீன்கள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. ஆஷிக் சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஏணியில் இறங்கி ஓடினான். சந்து முனையில் கரும்புச்சாறு வண்டிக்காரரிடம் ஐஸ் கட்டி கேட்டு வாங்கி, துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, உடைத்து அத்தனையையும் தொட்டிக்குள் கொட்டினான். கண்ணாடிக்கு வெளியே வியர்த்தது. மீன்கள் மூன்றும் விறுவிறென்று கீழே இறங்கிக் கல்லோடு கல்லாக அசையாமல் நின்றன. ஆறிவிட்டன, இனி பயமில்லை என்று எண்ணிக்கொண்டு அவன் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு மெஷினுக்குப் போனான்.

சாயங்காலம் ஏறிப் பார்த்தபோது பாவ் ஒருக்களித்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மிதந்தது.

ஜும்மா தொழுகைக்குப் போகுமுன் அதை எங்காவது புதைக்க வேண்டும் என்று தோன்றியது. குப்பையில் போட மனம் வரவில்லை. அந்தச் சந்தில் மண் என்று இருந்தது மாரீஸ்வரி கடை வாசலில் வைத்திருந்த பெயின்ட் டப்பாக்களில் மட்டும்தான். மாரீஸ்வரி பாலும் குளிர்பானமும் ஐஸ்கிரீமும் விற்பவள். ஆஷிக்கைவிட ஏழெட்டு வயது மூத்தவள், சங்கரன்கோவில் பக்கம். பைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் துணியில் ஒரு துண்டு வெட்டி மீனைச் சுற்றி எடுத்துக்கொண்டு, கற்றாழை நட்டிருந்த டப்பாவின் பக்கத்தில் போய் நின்றான். விவரம் சொல்லி அனுமதி கேட்டான். அவள் ஒரு கரண்டியை எடுத்துத் தந்தாள். மண்ணைத் தோண்டும்போது ஐஸ் கொட்டிய கதையையும் சொன்னான்.

“ஐஸையா கொட்டுனிய?” என்றாள் மாரீஸ்வரி. அந்த இரண்டு சொல்லே போதுமாக இருந்தது.

தொட்டியின் மூடியில் கடைக்காரர் சாய்நாத்தின் போன் நம்பர் ஒட்டியிருந்தது. ஜும்மா முடிந்ததும் அவரைக் கூப்பிட்டான். சாய்நாத் ஹிந்தியில் அவனை நன்றாகத் திட்டினார். சூட்டைவிடத் திடீர்க் குளிர்தான் மீனை முதலில் கொல்லும் என்றார். பிறகு தணிந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். தண்ணீர் சூடானால் அதில் காற்று நிற்காது, அதனால்தான் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது. மூடியை எடுத்துவிட்டு வலை போட வேண்டும். தொட்டி விளக்கைப் போடவே கூடாது. தண்ணீரின் மேல் பரப்பில் படும்படி ஃபேன் வைக்க வேண்டும். ஐஸைக் கொட்டாமல், சின்ன பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து மூடியோடு மிதக்கவிட வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒன்றுதான், மெதுவாக இரண்டு டிகிரி இறங்கினால் போதும். இரையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஃபேன் காற்றில் வற்றுகிற தண்ணீருக்கு, ஒருநாள் பிடித்து வைத்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

அவனிடம் ஃப்ரிட்ஜ் இல்லை. ஷைஸ்தா போன பிறகு அதை விற்றுவிட்டான். ஒற்றை ஆளுக்கு எதற்கு என்று. பாட்டில்களை எங்கே உறையவைப்பது என்று மாரீஸ்வரியிடமே போய்க் கேட்டான்.

“இங்கன கொண்டாந்து வைங்க தம்பி. ஐஸ்கிரீம் டப்பாவுக்கு அடியில எடம் கெடக்கு,” என்றாள்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மேலப்பாளையத்திலிருந்து வீடியோ கால் வந்தது. சஃபீனாவின் முகம் கறுத்து, முடி எண்ணெய் வைத்துப் படிந்திருந்தது. மாமா மகள்களோடு வாய்க்காலில் குளித்ததைச் சொல்லிவிட்டு, மீனைக் காட்டச் சொன்னாள். ஆஷிக் மொபைலைத் தொட்டிக்கு நேராகப் பிடித்தான். ஜிலேபியும் பட்டனும் வந்து போயின.

“பாவ் எங்க வாப்பா?”

“செடிக்குப் பின்னால கெடக்கும்மா. தூங்குது.”

“பக்கா?”

“பக்கா.”

அவள் ஒரு கணம் திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள். ஆஷிக் மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த பிளாஸ்டிக் செடியையே பார்த்தபடி இருந்தான்.

மறுநாளிலிருந்து அவன் பொழுதெல்லாம் தொட்டியைச் சுற்றியே ஓடிற்று. காலையில் ஒரு பாட்டில், பன்னிரண்டுக்கு ஒன்று, இரண்டரைக்கு ஒன்று, நாலரைக்கு ஒன்று. உருகியதைக் கொண்டுபோய்க் கொடுத்து உறைந்ததை வாங்கிவருவான். தனக்கென்று இருந்த ஒரே டேபிள் ஃபேனைத் தொட்டிக்குத் திருப்பினான். பைக்குள் வைக்கும் ஸ்பான்ஜ் ஷீட்டை அளந்து வெட்டித் தொட்டியின் மூன்று பக்கமும் போர்த்தினான். அப்படியும் மதியத்தில், சூடு பார்க்கப் புதிதாக வாங்கி வைத்த வெப்பமானிக் குச்சியில் முப்பத்திமூன்று டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. கூரைதான் நெருப்பாகக் காய்ந்தது. பட்டறையில் ஒரு பழைய ஆர்டரில் மிஞ்சிய வெள்ளி நிற ரெக்சின் சுருள் ஒன்று கிடந்தது. ராஹிலை ஏணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கூரைமேல் ஏறி, பளபளப்பு வெயிலைப் பார்க்கும்படி அதை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தான்.

“மனுசன் இருக்கயில இதச் செஞ்சிருக்கலாம்ல பாய்,” என்றான் ராஹில் கீழேயிருந்து.

ராஹில் விளையாட்டாகத்தான் சொன்னான். கூரைமேல் நின்றிருந்த ஆஷிக்குக்கு உள்ளங்காலோடு சேர்த்து வேறெங்கோவும் சுட்டது. ஆறு வருஷ மே மாதங்களை ஷைஸ்தா இந்தத் தகரத்துக்குக் கீழே கழித்திருக்கிறாள். கைக்குழந்தைக்கு வேர்க்குரு பவுடர் போட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டு. மேலே வெக்கை தாங்க முடியவில்லை என்று அவள் சொன்னதெல்லாம் அவனுக்கு நினைவிருந்தது. ஆர்டர் முடியட்டும் என்று அவன் சொன்ன பதிலும் நினைவிருந்தது. ரெக்சின் அப்போதும் பட்டறையில்தான் கிடந்தது.

அன்று மதியம் குச்சி முப்பது காட்டியது. மீன்கள் நடுத்தண்ணீரில் நீந்தின.

மே கடைசி வாரத்தில் ஒரு புதன்கிழமை, பதினொன்றரைக்குக் கரண்ட் போயிற்று. பூமிக்கடியில் கேபிள் எரிந்துவிட்டதாகவும், தோண்டிப் பார்க்க ஆள் வந்திருப்பதாகவும், எப்போது வரும் என்று தெரியாது என்றும் சந்தில் பேசிக்கொண்டார்கள். மெஷின் நின்றதால் ராஹில் வடாலாவுக்குக் கிளம்பிவிட்டான். ஆஷிக் மேலே ஏறினான். ஃபேன் நின்றிருந்தது, பம்பு நின்றிருந்தது. மீன்கள் மேலே வரத் தொடங்கியிருந்தன.

மாரீஸ்வரி கடைக்கு ஓடினான். அவளுக்கும் கரண்ட் இல்லை. திறந்தால் குளிர் போய் ஐஸ்கிரீம் எல்லாம் இளகிவிடும் என்று ஃப்ரீசருக்கு மேல் சாக்கு போர்த்தி வைத்திருந்தாள். அவன் கேட்கத் தயங்கி நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சாக்கை விலக்கி, ஒரே மூச்சில் நான்கு பாட்டில்களையும் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி மூடினாள்.

பாட்டில்களை ஒரு பாத்திரத்தில் துணி சுற்றி வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் மிதக்கவிட்டான். காற்றுக்கு என்ன செய்வது என்று சாய்நாத்திடம் கேட்டான். கையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார், விழுகிற தண்ணீர் காற்றையும் கூட்டிக்கொண்டு போகும் என்று. ஆஷிக் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். டம்ளரால் மொண்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றினான். மறுபடி மொண்டான், மறுபடி ஊற்றினான். நிறுத்தினால் ஐந்து நிமிஷத்தில் இரண்டும் மேலே வந்தன. ஊற்றினால் இறங்கின.

பகல் வெளிச்சத்தில் அந்த அறையில் இவ்வளவு நேரம் அவன் உட்கார்ந்ததே இல்லை. சுவரில் சஃபீனா பென்சிலால் கோடு போட்டுத் தன் உயரத்தை அளந்திருந்ததை அன்றுதான் பார்த்தான். யார் அவளுக்கு அளந்துவிட்டது என்று யோசித்தான். ஷைஸ்தாவாகத்தான் இருக்கும். சந்தில் கரண்ட் இல்லாததால் எந்த மெஷினும் ஓடவில்லை. தாராவியில் அப்படி ஒரு அமைதியை அவன் கேட்டதில்லை.

மூன்றரை மணிக்கு போன் அடித்தது. ஷைஸ்தா. ஸ்பீக்கரில் போட்டுத் தொடையில் வைத்துக்கொண்டான். கல்யாணமான புதிதில் மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், பிரிந்த பிறகு எந்த அழைப்பும் இல்லாமல் நேராகப் பேச்சைத் தொடங்குவாள்.

“ஒரு விஷயம் சொல்லணும். உம்மாவுக்கு இங்கனயே இருக்கத்தான் பிரியம். காக்கா மாடியில ஒரு போர்ஷன் ஒதுக்கித் தந்துருக்காவ. எனக்கு ஒரு பிளே ஸ்கூல்ல வேலை ஆயிருக்கு. சஃபீனாவுக்கும் இங்க அட்மிஷன் போட்டாச்சு. நாங்க திரும்பி வரல.”

ஆஷிக்கின் கை மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தது.

“அவகிட்ட கேட்டியா?”

“கேட்டேன். உங்கள நெனச்சு ஒரு நாள் முழுக்க அழுதா. பொறவு சரின்னுட்டா.”

“ஜமாஅத்துல ஞாயித்துக்கெழமைன்னு பேசியிருக்கு.”

“எனக்கும் தெரியும். நீங்க ஜமாஅத்துக்குப் போனா நான் வந்து பதில் சொல்லுதேன். லீவுக்கு லீவு அவள அனுப்புதேன், முழுசா உங்ககூட இருக்கட்டும். வாரத்துக்கு அஞ்சு மணி நேரத்துக்கு அது கூடுதல்தான்.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவள் எப்போதும் சரியாகத்தான் பேசுவாள். சண்டை போட வேண்டுமென்று அவனுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் இந்த அறையில் அவளை மீண்டும் வந்து இரு என்று சொல்ல அவனிடம் எதுவும் இல்லை. தொட்டியில் ஜிலேபி மேலே வந்து வாயைத் திறந்தது. கை நின்றிருப்பதை அப்போதுதான் உணர்ந்து மறுபடி ஊற்றினான்.

“அது என்ன சத்தம்?” என்றாள் ஷைஸ்தா.

“கரண்ட் இல்ல. மீனுக்குத் தண்ணி மொண்டு ஊத்துதேன்.”

“எவ்வளவு நேரமா?”

“லுஹர்லேருந்து.”

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தான்.

“உங்களுக்கு வலது தோள்ல வலி உண்டும்லா,” என்றாள். “மாத்தி மாத்தி ஊத்துங்க.” பிறகு வைத்துவிட்டாள்.

அவன் டம்ளரை இடது கைக்கு மாற்றினான். கண்ணில் நீர் வந்தது. துடைக்க ஒரு கை காலியாக இல்லை. மஃரிப் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் கரண்ட் வந்தது. இரண்டு மீன்களும் பிழைத்துக்கொண்டன.

அவன் ஜமாஅத்துக்குப் போகவில்லை.

ஜூன் இரண்டாவது ஞாயிறு, பள்ளியில் சர்ட்டிஃபிகேட் வாங்கவும் கோவண்டி வீட்டைக் காலி செய்யவும் வந்திருந்த ஷைஸ்தா, மகளைச் சந்து முனையில் விட்டுவிட்டு ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனாள். சஃபீனா ஏணியில் ஏறி வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு முதலில் சலாம் சொன்னாள்.

அவள் தொட்டிப் பக்கம் திரும்புவதற்குள் ஆஷிக் சொல்லிவிட்டான். “சஃபீனா, பாவ் செத்துப்போச்சும்மா. தண்ணி கொதிக்குன்னு ஐஸைக் கொட்டுனேன். அதனாலதான். போன்ல உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும் வாப்பா.”

“உம்மா சொன்னாளா?”

“இல்ல. செடி அவ்வளவு பெருசு இல்லல்லா.” அவள் கண்ணாடியில் விரலை வைத்து ஜிலேபியைத் தொடர்ந்தாள். “நீங்க மறச்சீங்க. கேட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு கேக்கல.”

அவளுடைய பேச்சு மாறியிருந்தது. வார்த்தைக்கு வார்த்தை ஹிந்தி கலந்தவள், ஒன்றரை மாதத்தில் ஊர்த் தமிழாக இழுத்துப் பேசினாள். ஆஷிக்கின் உம்மா பேசின தமிழ் அது. கேட்க நன்றாகவும் இருந்தது, பிள்ளை அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதுபோலவும் இருந்தது.

அவளுக்கென்று ஒரு பை தைத்து வைத்திருந்தான். அத்தனை பைகளுக்கு நடுவில் ஆர்டர் இல்லாமல் தைத்தது அது ஒன்றுதான். நீல நிறம், இரட்டைத் தையல், தண்ணீர் பாட்டிலுக்குத் தனி உறை. சஃபீனா தோளில் மாட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு, புது ஸ்கூலில் பேர் போட்ட பையை அவர்களே கொடுப்பார்கள், அதைத்தான் கொண்டுபோக வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். அவன் முகத்தைப் பார்த்து, டியூஷனுக்கு இதைத்தான் எடுத்துப் போவேன் என்றாள். அவன் தலையாட்டினான்.

கட்டிலுக்கு அடியில் மூடி போட்ட ஒரு வாளியும், பேட்டரியில் ஓடும் சின்ன பம்பும் இருந்தன. மீன்களைக் கூடக் கொண்டுபோக வேண்டுமென்று அவள் கேட்டால் என்ன செய்வது என்று சாய்நாத்திடம் விசாரித்து, குர்லாவுக்குப் போய் வாங்கி வைத்திருந்தான். இரண்டு நாள் ரயில் பயணத்தில் இடையில் எப்படித் தண்ணீர் மாற்ற வேண்டும் என்பதுவரை கேட்டு வைத்திருந்தான். அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இரை போட்டாள். பிறகு அவன் மொபைலில் மாமா மகளைக் கூப்பிட்டு, கோழிக்குஞ்சுகளைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஆஷிக் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரில் கோட்டுக்கு நேராக நிறுத்தி அவளை அளக்கலாமா என்று நினைத்தான். போன் பேச்சு முடியட்டும் என்று இருந்தான். அது முடிவதற்குள் ஐந்து மணி ஆகிவிட்டது.

தொண்ணூறடி ரோட்டில் டாக்ஸி நின்றது. சஃபீனா நீலப் பையைத் தோளில் மாட்டியபடியே ஏறினாள். ஷைஸ்தா கதவை மூடுமுன் அவனைப் பார்த்து, வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். வண்டி சயான் பக்கம் திரும்பும்வரை அவன் நின்றான்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் தானாகவே இருபத்தேழுக்கு இறங்கிற்று. மாரீஸ்வரி பாட்டில்களை எடுத்துக்கொள்ளச் சொன்னாள், ஃப்ரீசரில் இடம் வேண்டியிருக்கிறது என்று. நான்கையும் வாங்கிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு பகலில் நாலு முறை அந்தக் கடைக்குப் போக அவனுக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. ஃபேனை மறுபடி கட்டில் பக்கம் திருப்பினான்.

ஞாயிறுதோறும் லுஹருக்குப் பிறகு போன் வந்தது. முதல் மூன்று வாரம் சஃபீனா மீனைக் காட்டச் சொன்னாள். பிறகு கேட்க மறந்தாள். அவனும் தானாகக் காட்டவில்லை. ஜூலை கடைசி ஞாயிறு, பேச்சு நாலு நிமிஷத்தில் முடிந்து அவள் விளையாட ஓடியபோது, ஷைஸ்தா போனை வாங்கினாள். காலாண்டு லீவுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம், தானே வந்து நான்கு நாள் இருந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றான் ஆஷிக். யோசித்து வைத்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது.

“பட்டறை?” என்றாள்.

“ராஹில் பாத்துக்கிடுவான். மீனையும்.”

“சரி, வாங்க,” என்றாள் ஷைஸ்தா.

அவன் போனை வைத்தான். ராஹில் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. காலையில் வாங்கி வைத்திருந்த சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கீழே இறங்கிப் போய் மெஷினில் உட்கார்ந்தான்.